கப்பல் வெண்ணெய்

சில்வர் பீச்சுக்குக் காலையில் நடக்க வரும் நம் கூட்டத்தில் எத்தனை பேருக்குச் சொந்தப் பல் மிச்சம் இருக்கிறது என்று போன மாதம் எண்ணிப் பார்த்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், எண்ணுவது எனக்கு ஒரு வியாதி. பதினோரு பேரில் நாலு பேர். மற்றவர்கள் பட்டாணி வாங்கினால் ஊறவைப்பதற்காக வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள். ஆகவே பல்லே வேண்டாத ஒரு பண்டத்தைப் பற்றி எழுதினால் யாரும் பாதியில் எழுந்து போக மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

போன வாரம் அதை என் வீட்டிலேயே செய்தேன். முட்டையின் வெள்ளையும் சர்க்கரைப் பாகும்தான். வெள்ளையைக் கடைந்து நுரையாக்கி, அதில் சூடான பாகை ஊற்றிக்கொண்டே மேலும் கடைந்தால், பஞ்சுக்கும் வெண்ணெய்க்கும் நடுவில் ஒன்று வரும். ரொட்டியில் தடவித் தின்னலாம், விரலாலும் தின்னலாம். இப்போது மார்ஷ்மெல்லோ கிரீம் என்ற பெயரில் பெரிய கடைகளில் விற்கிறதாம். எங்கள் வீட்டில் அதற்குக் கப்பல் வெண்ணெய் என்று பெயர். நான் செய்தேன் என்றா சொன்னேன்? பேத்தியின் மின்சார பீட்டர் செய்தது. நான் பக்கத்தில் நின்று பாகை ஊற்றியபடி சத்தத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

நன்றாகத்தான் வந்தது. ஆனால் ஒன்று குறைந்தது. அது என்னவென்று சொல்ல வேண்டுமானால் எனக்கு அம்மை வார்த்த கோடைக்குப் போக வேண்டும்.

அப்போது எங்கள் வீடு திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் இருந்தது. வண்டி வந்து நிற்கும்போது அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். அப்பா சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் வேதியியல் கூடத்தில் டெமான்ஸ்ட்ரேட்டர். பையன்களுக்கு அமிலம் ஊற்றிக் காட்டுவதும், அவர்கள் உடைத்த கண்ணாடியைக் கணக்கெழுதுவதும் வேலை. காலை வண்டியில் போய் மாலை வண்டியில் வருவார். சட்டையில் எப்போதும் ஒரு மருந்து வாடை இருக்கும். எனக்கு அதுதான் அப்பா வாடை.

எனக்கு எட்டு வயது முடிந்திருந்தது. ஈஸ்டர் கழிந்து வெயில் ஏறியதும் காய்ச்சல் வந்தது. கண் சிவந்தது, பிறகு உடம்பெல்லாம் சிவப்புத் தூவினதுபோல் ஆனது, பிறகு வாய்க்குள்ளும் புண். தெருக்கதவில் வேப்பிலை ஏறியது. உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி, என்னைப் பாயில் போட்டு, தலைமாட்டில் ஆரோக்கிய மாதா படத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வேப்பங்கொத்தையும் அம்மா செருகிவைத்தாள். இரண்டுக்கும் ஒரே ஆணி.

எங்கள் மாதா கோயிலில் அம்மைக்கென்று ஒரு கட்டுப்பாடும் யாரும் சொல்லவில்லை. ஆனால் அம்மா வைத்த கட்டுப்பாடுகள் தெருவில் எந்த இந்து வீட்டிலும் இல்லாதவை. தாளிக்கக் கூடாது. மீன், கறி, கருவாடு, முட்டை எதுவும் வாசற்படி தாண்டக் கூடாது. வெளியே போய் வந்தவர்கள் குளிக்காமல் என் அறைக்குள் வரக் கூடாது. பக்கத்து வீட்டு அத்தை ஒரு நாள் சுவருக்கு மேலே தலையை நீட்டிச் சொன்னது எனக்குப் பாயிலிருந்தே கேட்டது.

"என்னா அண்ணி, எங்க ஆத்தாவுக்கு வேதக்காரங்க வீட்டுக்கு எப்புடி வழி தெரிஞ்சுது? நாங்களே எங்க புள்ளைக்கு வந்தப்ப மூணாம் நாளு மறைச்சு மறைச்சுக் கருவாடு சுட்டுட்டம். நீங்க என்னா இந்தக் கட்டு கட்டுறீங்க!"

"உங்களுக்கு அவ சொந்தக்காரி. முன்னே பின்னே இருந்தாலும் பொறுத்துக்குவா. எங்க வீட்டுக்கு விருந்தாளியா வந்திருக்கா. மொறையா கவனிச்சு அனுப்ப வேணாமா?" என்றாள் அம்மா.

அத்தை சிரித்தாள். அம்மா சிரித்த சத்தம் கேட்கவில்லை.

காரணம் இருந்தது. எனக்கு முன்னால் ஒரு பெண் பிறந்து, மூன்று வயதில் இதே அம்மையில் போய்விட்டாள். அவள் படுத்திருந்தபோது வீட்டில் யாரோ தெரியாமல் ஒரு முட்டையைப் பொரித்துவிட்டார்களாம். அந்த ஒரு முட்டைதான் அவளைக் கொண்டுபோனது என்று அம்மா நம்பினாள். அப்பா நம்பவில்லை. ஆனால் நம்பவில்லை என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. நான் பார்த்தேயிராத அந்த அக்காவின் சின்ன வெள்ளிக் கொலுசை, மாதா படத்தின் மேல் விளிம்பில் அம்மா தொங்கவிட்டிருப்பாள். ரயில் வரும்போது அதுவும் டம்ளர்களோடு சேர்ந்து சத்தம் போடும்.

இருட்டில் படுத்துக்கொண்டு நான் கூரையின் கைமரங்களை எண்ணினேன். ஓடுகளை வரிசை வரிசையாக எண்ணினேன். எங்கே விட்டேன் என்று மறந்துபோய் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன். இன்று மாத்திரைகளையும் படிக்கட்டுகளையும் உங்கள் பற்களையும் எண்ணிக்கொண்டிருக்கிறேனே, அந்தப் பாயில் பிடித்த பழக்கம்தான்.

எதைக் கொடுத்தாலும் வாய் எரிந்தது. கஞ்சி எரிந்தது. இளநீர் எரிந்தது. கடைசியில் அம்மாவின் கையைப் பார்த்தாலே பல்லைக் கடித்து வாயை மூடிக்கொள்ள ஆரம்பித்தேன். அப்போதுதான் அலமாரி மேலிருந்து அந்தக் கண்ணாடி ஜாடி இறங்கியது.

அதைக் கொடுத்தவர் பெரிய மாமா, அம்மாவின் அண்ணன். சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருஷத்துக்கு ஒரு தரம் வருவார், வந்தால் எங்கள் யாருக்கும் பொருந்தாத அளவில் சட்டைகள் கொண்டுவருவார். அந்தத் தடவை கொண்டுவந்தது இந்த ஜாடி. இடுப்புச் சிறுத்த ஜாடி, சிவப்பு மூடி, உள்ளே வெள்ளை. விருந்தாளிகள் வந்தால் தரலாம் என்று அம்மா திறக்காமலே வைத்திருந்தாள்.

ஒரு கரண்டி வாயில் வைத்தாள். எரியவில்லை. நாக்கில் உட்கார்ந்து, தானாகவே சிறுத்து, குளிர்ச்சியாக இறங்கிப்போனது. நான் வாயைத் திறந்தேன். அம்மா அழுதுகொண்டே இன்னொரு கரண்டி வைத்தாள். "பாலுல செஞ்ச வெண்ணெய் போல இருக்கு. மாதா அனுப்பினது" என்றாள். குளித்துவிட்டு வந்து வாசற்படியில் நின்ற அப்பா ஜாடியைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்ததுபோல இருந்தது. பிறகு ஈரத் தலையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜாடி எத்தனை நாளைக்கு வரும்? அடியில் ஒட்டியதை வெந்நீர் விட்டுக் கலக்கி அதையும் குடித்தேன். அதற்குப் பிறகு மறுபடியும் வாயை மூடிக்கொண்டேன். சர்க்கரைத் தண்ணீர், பால், அரைத்த வாழைப்பழம், எதற்கும் திறக்கவில்லை. பார்க்க வந்த டாக்டர், வாசலில் நின்று அப்பாவிடம் மெதுவாகத்தான் பேசினார். காய்ச்சலில் காது கூர்மையாகிவிடும், உங்களுக்குத் தெரியும்.

"ஏதாவது உள்ள போகணும் சார். எதுவா இருந்தாலும் சரி. உடம்புல தாங்குறதுக்கு ஒண்ணும் இல்ல."

அன்று ராத்திரி அப்பா அம்மாவிடம் கேட்டார்.

"இந்தா, அதிரசத்துக்குப் பாகு வெக்கிறியே, பதம் வந்துடுச்சுன்னு எப்புடிக் கண்டுபுடிப்ப?"

"இப்ப எதுக்கு அது?"

"சும்மாதான். காலேஜ்ல ஒருத்தர் கேட்டாரு."

"உங்க காலேஜ்ல பாகு காய்ச்சறதும் பாடமா?"

பதத்தை அவள் சொல்லவே இல்லை. மறுநாளிலிருந்து அப்பா மாலை வண்டிக்கு வரவில்லை. அடுத்த வண்டிக்கு வந்தார். வந்ததும் சட்டையைக் கூடத்து ஆணியில் மாட்டிவிட்டு நேரே கிணற்றடிக்குப் போவார். மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, அவர் குளித்துக்கொண்டிருந்தபோது அம்மா கூடத்தில் விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். என் பாயிலிருந்து பாதிக் கதவு வழியாகத் தெரிந்தது. சுவரில் ஓர் எறும்பு வரிசை, தரையிலிருந்து ஆணி வரைக்கும்.

அப்பா துண்டோடு வந்தார்.

"இது என்னா?"

"எறும்பு."

"எறும்புன்னு தெரியாமலா கேக்குறேன்? காலருக்கு வரல, பாக்கெட்டுக்கு வரல. ரெண்டு கை மடிப்புலயும் வந்து மொய்க்குது. முழங்கை வரைக்கும் வழிய வழியத் தின்னா வராம என்னா பண்ணும்?"

அப்பா துண்டால் முழங்கையைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு என்னாடான்னா பாகு எப்புடி வெக்கிறதுன்னு கேக்குறீங்க. தெனமும் ராத்திரி வண்டி. இங்க புள்ளை ஒரு வாய்க் கஞ்சி எறங்காம காஞ்சு கெடக்குது. பெத்தவரு சிதம்பரத்துல மிட்டாய்க் கடை பெஞ்சுல ஒக்காந்து தின்னுட்டு வராரு. நாக்கு அவ்வளவா கேக்குது?"

"நான் கடையில எதுவும் திங்கல."

"அப்ப என்னா பண்ணுனீங்க? சொல்லுங்க."

அப்பா என் அறையின் பக்கம் பார்த்தார். வேப்பங்கொத்தைப் பார்த்தாரா, கொலுசைப் பார்த்தாரா, தெரியாது. "ஒண்ணுமில்ல" என்றார்.

"தின்னி" என்றாள் அம்மா. சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இனிமே நீங்க எங்கிட்ட எதுவும் கேக்க வேணாம்."

அன்றோடு அம்மா அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். எதுவானாலும் என் மூலமாகத்தான். அப்பா மூன்றடி தள்ளி உட்கார்ந்திருப்பார். "டேய், உங்கப்பாவைச் சாப்புட வரச் சொல்லு" என்பாள். பேச முடிந்தால் நான் சொல்வேன், முடியாவிட்டால் விரலைக் காட்டுவேன். அப்பா எழுந்து போவார். தலைகுனிந்து ரசஞ்சோறு தின்கிற அவரைப் பார்க்கும்போது, மிட்டாய்க் கடையில் எனக்கும் கொஞ்சம் வாங்கிவந்திருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றியது. நானும் அம்மா சொன்னதை நம்பினேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து அப்பா அந்தப் பழைய ஜாடியைப் பையிலிருந்து எடுத்தார். உள்ளே வெள்ளையாக ஏதோ இருந்தது. யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொன்னார்: "காலேஜுக்குப் புதுச்சேரிக்காரர் ஒருத்தர் வராரு. அங்க வெள்ளைக்காரன் சாமான் விக்கிற கடை இருக்குதாம். ஜாடியைக் குடுத்துவிட்டா ரொப்பித் தருவாங்களாம்."

அம்மா ஒரு கரண்டி எடுத்து என் வாயில் வைத்தாள். கப்பலில் வந்ததைப்போல இல்லை. நீர்த்து ஒழுகியது. மூக்கில் ஒரு வாடையும் ஏறியது, மழையில் நனைந்த கோழிக்கூட்டின் வாடை. ஆனால் எரியவில்லை. விழுங்கினேன். மூன்றாவது கரண்டியில் பல்லில் ஏதோ நறுக்கென்றது. அம்மா உள்ளங்கையை நீட்டினாள். துப்பினேன். நகத்தைவிடச் சின்னதாக, மெல்லிசாக, வெள்ளையாக ஒன்று. அம்மா அதை விளக்குப் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"என்னாம்மா?"

"கல்லு. சர்க்கரையில கெடந்திருக்கும்."

கையை மூடிக்கொண்டாள். மாதா படத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மற்றக் கையால் அடுத்த கரண்டியை எடுத்து, "ஆ காட்டு" என்றாள்.

ஜாடி தினமும் காலையில் காலியாகப் போய் ராத்திரி நிறைந்து வந்தது. அம்மா இன்னும் அப்பாவோடு பேசவில்லை. ஆனால் அந்தப் புதுச்சேரிக் கடைக்காரனைப் பற்றி என்னிடம் நிறையப் பேச ஆரம்பித்தாள், அதுவும் அப்பா வீட்டில் இருக்கும்போது.

"கடைக்காரன் அவசரக் குடுக்கை போல இருக்குடா. பாகை முன்னாலயே எறக்கிடறான், அதான் ஒழுகுது. கிண்ணத்துல தண்ணி வெச்சு ரெண்டு சொட்டு விட்டா கையில உருட்ட வரணும். அப்புறந்தான் எறக்கணும். உங்கப்பாவைச் சொல்லச் சொல்லு."

"அப்பா, கடைக்காரன்கிட்ட சொல்லணுமாம்" என்பேன்.

"சொல்றேன்" என்பார் அப்பா, செய்தித்தாளை மடக்காமலே.

மறுநாள் ஒழுகவில்லை. ஆனால் கட்டி கட்டியாக இருந்தது. கரண்டியைப் பார்த்துவிட்டு அம்மா தலையிலடித்துக்கொண்டாள்.

"முழுசையும் ஒரே மூச்சுல கவுத்துட்டான். நூலு மாதிரி ஊத்தணும், ஊத்த ஊத்தக் கடையணும். ஒத்த ஆளால ரெண்டும் முடியாது, கூட ஒரு ஆளை வெச்சுக்கச் சொல்லு. அப்புறம் மத்தால கடைஞ்சிருக்கான்னு தெரியுது. மத்து மோருக்கு. இதுக்கு ஈர்க்குச்சி பத்து பதினஞ்சைச் சேத்துக் கட்டிக்கிட்டா நல்லா நொரைக்கும்."

இவளுக்கு எப்படி அந்தக் கடைக்காரனின் சமையலறை கண்ணில் தெரிகிறது என்று நான் கேட்கவில்லை. அம்மாக்கள் எந்தக் கடைப் பண்டத்தைத் தின்றாலும் குறை கண்டுபிடிப்பார்கள். எனக்குக் கவலையெல்லாம், இப்படிக் குறை சொல்லிக்கொண்டே இருந்தால் அவன் கோபித்துக்கொண்டு ஜாடியைத் திருப்பி அனுப்பிவிடுவானே என்பதுதான். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. நாளுக்கு நாள் கை தேறினான். கடைசியில் மாமாவின் ஜாடியில் இருந்ததைவிட நன்றாகவே வந்தது, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாமல். அந்த வாடை மட்டும் போகவில்லை. அதைப் பற்றி மட்டும் அம்மா ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. நாலைந்து நாளில் எனக்கு அந்த வாடை வந்தாலே வாய் ஊற ஆரம்பித்துவிட்டது.

ஒரு காலையில் வெயிலில் வைத்த தண்ணீரில் வேப்பிலை போட்டு அம்மா எனக்குத் தலைக்கு ஊற்றினாள். எலும்புகளை எண்ணலாம் போல இருந்தேன், எண்ணியும் பார்த்தேன். மூன்று தண்ணீர் ஊற்றி முடித்த அன்று அம்மா வேப்பிலையை அவிழ்த்துக் கொண்டுபோய்க் கிணற்றடியில் போட்டாள். அடுப்பில் கடுகு வெடித்தது. கூடத்தில் நின்ற அப்பாவைப் பார்த்து, "எலை போட்டிருக்கு, வாங்க" என்றாள். இடையில் நான் வேண்டியிருக்கவில்லை. அதோடு சரி. தின்னி என்ற சொல்லை அவளும் திரும்ப எடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. நேர்ந்துகொண்டபடி என் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி வேளாங்கண்ணிக்குப் போனது. என் வயதுக்கு நான் குட்டை என்பதால் அது சீக்கிரம் எரிந்து முடிந்ததாக மாமா பின்னால் கேலி செய்தார்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் ஒரு சனிக்கிழமை அப்பா என்னைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போனார். ஜன்னலோரம் உட்காரவைத்தார். பரங்கிப்பேட்டை தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி போகும்போது தூண்களை எண்ணச் சொன்னார். நான் மிட்டாய்க் கடைக்குப் போகிறோம் என்று நினைத்தேன். கோபுரம் தெரிந்த தெருவில் எல்லா மிட்டாய்க் கடைகளையும் தாண்டி நடந்தார். பூட்டிய கல்லூரியின் பக்கவாட்டுக் கதவை ஓர் அட்டெண்டர் திறந்துவிட்டார். தொப்பையும் மீசையுமாக இருந்தார்.

"இதான் நம்ம நோயாளியா? வா தம்பி, வா. நீ படுத்த, நான் பெருத்தேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. நீள மேசையின் ஓரத்தில் அப்பா ஒரு புதுக் கண்ணாடிக் குவளையை எடுத்துவைத்தார். "இது மருந்து படாதது, தனியா வாங்குனது" என்றார், நான் கேட்காமலே. பர்னரைப் பற்றவைத்தார். நீல நெருப்பு. சர்க்கரையும் தண்ணீரும் குவளையில் ஏறி, முத்து முத்தாகக் கொதித்தன. பிறகு ஒரு கண்ணாடிப் புனலை இன்னொரு குவளையின் மேல் நிறுத்தி, அதில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றினார். வெள்ளை வழுக்கிக்கொண்டு குழாய் வழியாக இறங்கியது. மஞ்சள் மட்டும் புனலின் கழுத்தில் சூரியனைப்போல உட்கார்ந்துகொண்டது. அட்டெண்டர் அதைத் தன் டம்ளருக்குக் கவிழ்த்துக்கொண்டார்.

"சாருக்கு வெள்ளை, எனக்கு மஞ்சள். இதான் ஒப்பந்தம். உங்கப்பா புண்ணியத்துல இந்த மாசம் எனக்குச் சட்டைப் பித்தான் போட முடியல."

அப்பா பையிலிருந்து ஈர்க்குச்சிக் கட்டு ஒன்றை எடுத்தார், நூல் சுற்றி இறுக்கியது. சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டினார். கடைந்தார். எப்போதும் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு என்று அளந்து ஊற்றுகிற மனிதர், தோள்பட்டை குலுங்க, மூக்கு நுனியில் வேர்வை நிற்க, பல்லைக் கடித்துக்கொண்டு கடைந்தார். தண்ணீர் போலிருந்தது நுரைத்தது, நுரை வெளுத்தது, வெளுத்தது எழுந்து நின்றது. பாகில் இரண்டு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "ம்" என்றார். அட்டெண்டர் நூல் போல ஊற்றினார். வெள்ளை பளபளவென்று ஆகி, குவளையின் விளிம்புக்கு ஏறி வந்தது. பாகு அப்பாவின் கையில் தெறித்து முழங்கை வரை கோடு போட்டது. மூக்கில் அந்த வாடை ஏறியது. என் வாய் ஊறியது.

அப்போதுதான் எனக்கு எறும்புகள் புரிந்தன.

"மாமா கப்பலுக்குத் திரும்பிப் பொறப்படுறப்ப பிளாட்பாரத்துல சொல்லிட்டுப் போனாரு" என்றார் அப்பா. "'மச்சான், அது ஒண்ணும் மாயமில்ல, முட்டையும் சர்க்கரையுந்தான், நான் கப்பல்ல அண்டா அண்டாவா கடைஞ்சிருக்கேன்'ன்னு. ஆனா பதம் சொல்லல. வண்டி கெளம்பிடுச்சு."

"அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமேப்பா? திட்டியிருக்காதே?"

அவர் ஈர்க்குச்சிகளை ஒவ்வொன்றாக வழித்துக்கொண்டிருந்தார். "சொன்னா அவ அன்னிக்கே நிறுத்தியிருப்பா. நிறுத்தலன்னா, உனக்கு ஏதாவது ஒண்ணு ஆகியிருந்தா, ஆயுசுக்கும் தன் கைதான்னு அழுதிருப்பா. ஏற்கெனவே ஒண்ணுக்கு அழுவுறா." கரண்டியை என்னிடம் நீட்டினார். "நீயும் சொல்லாத. தின்னின்னு ஒரு பேரு, போனாப் போவுது."

நான் தின்றுகொண்டே கேட்டேன். "அம்மா கடைக்காரனுக்குச் சொல்லி அனுப்புச்சே, அதெல்லாம்?"

அப்பா சிரித்தார். அட்டெண்டரைப் பார்த்துச் சிரித்தார் என்று அப்போது நினைத்தேன். "எல்லாத்தையும் கேட்டுக்கிட்டான். அந்தக் கடைக்காரனுக்கு உங்கம்மா மேல ரொம்ப மரியாதைடா" என்றார்.

நான் சொல்லவில்லை. அப்பா போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அப்போதும் சொல்லவில்லை. அந்த ஜாடி வீடு மாறும்போது உடைந்தது. சிவப்பு மூடி கொஞ்ச காலம் அம்மாவின் ஜெபமாலையை வைக்கும் தட்டாக இருந்தது, பிறகு அதுவும் காணாமல்போனது. அம்மாவுக்கு எதுவும் தெரியாது, அப்பா பெரிய தியாகம் செய்துவிட்டுப் போய்விட்டார் என்று நான் இத்தனை காலமும் நெஞ்சில் தூக்கிக்கொண்டு திரிந்தேன். அம்மாவைக் கொஞ்சம் இளப்பமாகக்கூட நினைத்தேன். படித்தவர்களுக்கு வருகிற கோளாறு அது.

கடைசி வருஷத்தில் அம்மா என் வீட்டில்தான் படுத்திருந்தாள். மருமகள் ஊட்டினால் வாயை மூடிக்கொள்வாள், நான் ஊட்டினால் திறப்பாள். ஒரு மத்தியானம் ரவைக் கஞ்சியின் மூன்றாவது கரண்டியில் நிறுத்தி, என்னைப் பார்த்தாள்.

"டேய், அந்தப் புதுச்சேரிக்காரன் கடை இன்னும் இருக்குதா?"

கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தேன். "இல்லம்மா. மூடிட்டாங்க."

"நல்ல கைக்காரன். ரெண்டு வாரத்துல தொழிலைக் கத்துக்கிட்டான்." மூச்சு வாங்கியது. "மொத நாளு ஓடு விழாம ஒடைக்கக்கூடத் தெரியல அவனுக்கு. உன் வாயில ஓடு வந்துச்சு. நான் முந்தானையில முடிஞ்சு வெச்சுக்கிட்டேன்."

கல்லு என்றாளே, அந்தத் துண்டு. முதல் நாளே தெரிந்திருக்கிறது. முட்டை என்று தெரிந்துகொண்டேதான், மாதாவையும் வேப்பிலையையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, அடுத்த கரண்டியை என் வாயில் வைத்திருக்கிறாள். வாயால் சொல்லிவிட்டால் நிறுத்த வேண்டியிருக்கும் என்பதால் சொல்லாமலே இருந்திருக்கிறாள்.

"அதுக்கு முன்னாடி அவனை ஒரு வார்த்தை சொல்லிட்டேன். சொல்லக் கூடாத வார்த்தை. அப்புறம் திருப்பி எடுத்துக்கிறேன்னு சொல்லணும்னா மத்ததெல்லாம் சொல்லணுமே. அப்புடியே போயிடுச்சு." என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "மனசுல வெச்சுக்கிட்டே போயிருப்பானோ?"

இத்தனை வயதாகியும் இதைத்தான் கேட்க வேண்டியிருந்தது அவளுக்கு. என்னிடம் பதில் இருந்தது. அறுபது வருஷமாகச் சட்டைப் பையில் கிடந்த பதில்.

"இல்லம்மா. நீ சொல்லி அனுப்புனதை மறுநாளே செஞ்சானே, மனசுல வெச்சிருந்தா செய்வானா? எங்கிட்டயே சொன்னான். உங்கம்மா மேல ரொம்ப மரியாதைன்னு."

"அப்புடியா சொன்னான்?"

"அப்புடியேதான்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"எலுமிச்சம்பழம் ஒரு சொட்டு விட்டிருந்தா அந்த வாசனை போயிருக்கும்" என்றாள் கண்ணைத் திறக்காமல். "உனக்கு வாயெல்லாம் புண்ணு. எரியும்னுதான் அதைச் சொல்லி அனுப்பல."

போன வாரம் பேத்தி பீட்டரை ஓட்டியபோது நான் எலுமிச்சம்பழத்தை நறுக்கி, சரியாக ஒரு சொட்டு விட்டேன். நுரை பளபளவென்று எழுந்தது. பாகைப் பதம் பார்த்து நானே நூல் போல ஊற்றினேன். கரண்டியைக் கவிழ்த்தால் விழவில்லை. வாயில் வைத்தேன்.

"எப்புடி தாத்தா? சின்ன வயசுல சாப்பிட்ட மாதிரியே இருக்கா?"

"நல்லா இருக்கும்மா" என்றேன்.

அம்மா சொன்னது சரிதான். அந்த வாடை கொஞ்சமும் இல்லை. மூக்கைக் கிண்ணத்துக்குள் விட்டு இரண்டு தரம் தேடிப் பார்த்தேன். அடுத்த தடவை எலுமிச்சம்பழம் வேண்டாம்.